ஒரு புட்டி, இரண்டு பிள்ளை

அபோண்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, சிஸ்டர் மருந்துப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

விக்டோரியா ஏரிக்கு மேலே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரையில் காயப்போட்ட ஓமேனா மீனை வாரிப் போட்டுவிட்டு வருவதற்குள் இப்படி ஆகிவிட்டது. மகன் ஒகெல்லோ முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மலேரியாவுக்குத் தடுப்பூசி. இந்தக் கரைக்கு இன்றுதான் முதல்முறையாக வந்திருந்தது.

"ஒரு புட்டியில ரெண்டு புள்ளைக்கு மருந்து. தொறந்தா இன்னைக்கே தீர்த்தாகணும்" என்றாள் சிஸ்டர். "இன்னொரு புள்ளையக் கூட்டியா, தொறக்கிறேன். மழை வந்தா நான் கிளம்பிருவேன்."

அபோண்டி திரும்பி ஓடினாள்.

கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் காலையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வராதவள் ஒருத்திதான்.

ரிஸ்பா.

அபோண்டியின் கதவைத் திறந்தால் எதிரே தெரிவது ரிஸ்பாவின் கதவு. ஆனால் அபோண்டி கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து ரிஸ்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போது ரிஸ்பாவின் மூத்த பையன் மலேரியாவில் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போன அதே ஆஸ்பத்திரிப் படியை அவள் அதற்குப் பிறகு மிதிக்கவும் இல்லை.

ரிஸ்பா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாயில் அவள் குழந்தை லாவினா, ஒகெல்லோவின் வயதுதான்.

"அக்கா, லாவினாவத் தூக்கிட்டு வா. நீ வந்தாத்தான் என் புள்ளைக்கும் ஊசி."

ரிஸ்பா நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள். அபோண்டியும் நகரவில்லை.

"போட்டா காய்ச்சலே வராதா?"

தன்னிடம்தான் கேட்கிறாள் என்று புரிய அபோண்டிக்கு ஒரு நொடி ஆனது. பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். முடியவில்லை.

"வரலாம்க்கா. ஆனா ஆளைக் கொண்டுபோற மாதிரி வர்றது குறையுமாம்."

தூரத்தில் மோட்டார் சைக்கிள் உறுமியது.

ரிஸ்பா கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே போட்டாள். லாவினாவை வாரி முதுகில் கட்டினாள். ஓடினாள். அபோண்டியால் அவளைப் பிடிக்கவே முடியவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது ரிஸ்பா வண்டிக்கு முன்னால், சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

லாவினா வீறிட்டாள். அவள் அழுகையைக் கேட்டே ஒகெல்லோ, ஊசி படுவதற்கு முன்பே வீறிட்டான். இரண்டு பெண்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தூறல் விழுந்தது.

சிஸ்டர் அவசரமாக இரண்டு அட்டைகளை எடுத்தாள்.

"அப்பா பேரு?"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"எலிஷா ஒடேரோ."

சிஸ்டரின் பேனா நின்றது. ஒருத்தியைப் பார்த்தாள். மற்றவளைப் பார்த்தாள்.

ரிஸ்பா லாவினாவை முதுகில் கட்டிவந்த துணியை விரித்து, நனையாமல் இரண்டு பிள்ளைகளின் தலைக்கும் மேலாகப் பிடித்தாள்.

"எழுதுங்க சிஸ்டர்" என்றாள். "எங்க வீட்டுக்காரருதான்."