பவளத்துக்குக் கிடைத்த சங்கு

காலிச் சங்குகளுக்குள் குடியிருக்கும் நண்டுக் கூட்டம் ஒன்று கடற்கரையில் வாழ்ந்தது. அதில் பவளம் என்ற சின்ன நண்டுக்கு மட்டும் சங்கு வாய்க்கவில்லை. வெற்றுடம்போடு காக்கைக்குத் தப்பித் தப்பித் திரிந்தது.

ஒருநாள் அலை ஒரு பெரிய சங்கைக் கரையில் ஒதுக்கியது. நண்டுகள் கூடிப் பேசின.

"இத்தனை பெரிசு பவளத்துக்கு ஆகாது. கடலுக்கே தள்ளிவிடலாம்" என்றது ஒன்று.

"தள்ள வேண்டாம். அடைக்கலம் மாமா அதுக்குள்ள போகட்டும். அவர் சங்குக்கு அடுத்தவர் வருவார். இப்படியே மாறினா கடைசிச் சங்கு எனக்கு" என்றது பவளம்.

கூட்டத்திலேயே பெரிய நண்டு அடைக்கலம். இருந்த சங்கு அதன் உடம்பை நெரித்தது. இருந்தும் தயங்கியது.

"மாறுறப்போ உடம்பு வெளியே தெரியுமே. காக்கை கொத்திட்டா?"

"நான் தினமும் இப்படித்தானே இருக்கேன், மாமா. காக்கை எப்போ அசரும்னு எனக்குத் தெரியும். நான் சொல்றப்போ ஏறுங்க."

பவளம் வானத்தையே பார்த்து நின்றது.

"இப்போ" என்றது.

அடைக்கலம் சட்டென்று தாவிப் புகுந்தது. ஒவ்வொன்றாக எல்லா நண்டும் மாறின. மிஞ்சிய சங்கின் ஓரம் உடைந்திருந்தது. பவளம் அதற்குள் நுழைந்து வசதியாக உட்கார்ந்தது.

"ஓட்டையா இருக்கேம்மா" என்றது அடைக்கலம்.

"இப்போதைக்குப் போதும், மாமா. அடுத்த சங்கு ஒதுங்கினா கூட்டம் போடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க."