கடைசிப் பெயருக்கு மட்டும்

"உனக்கு வேலை நிரந்தரமாகணுமா வேண்டாமா, ஆஃப்ரின்?"

அவளுடைய பயிற்சிக் காலம் அன்றோடு முடிகிறது. கேட்டவர் சீனிவாசலு; நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். அந்த பம்ப் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தால்தான் அவருக்கு மதியம் சோறு இறங்கும்.

அவள் எழுதியது சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம். ஃபைலில் இருக்கும் தொழிலாளர் பெயர்களை வரிவரியாகப் படித்து, ஆளுக்கொரு சாப்பாட்டு டோக்கன் அச்சடிக்க வேண்டும். அதுவோ, வரிகள் தீர்ந்தது தெரியாமல் இன்னொரு முறை படிக்கப் போய், கடைசியாகப் படித்த வரியையே மறுபடி அச்சடித்தது. கடைசிப் பெயருக்கு மட்டும் தினமும் இரண்டு டோக்கன்.

"முதல் வருசத்துப் பசங்க பண்ற தப்பும்மா இது. எத்தனை தடவை சொல்றது?"

மாற்றிவிடுகிறேன் என்றாள், எப்போதும் சொல்கிற அதே குரலில்.

இந்தக் காலத்தில் யார் ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்று பக்கத்து மேசை சசிதர் எடுத்துக் கொடுத்தான். சீனிவாசலு கேன்டீனுக்கு நடந்தார். இரண்டு டோக்கன் வாங்கும் ஆளைக் கையோடு பிடித்துவிட்டால், இவளை இன்றைக்கே அனுப்பிவிடலாம்.

கடைசிப் பெயர் பேக்கிங் பிரிவு வள்ளியாத்தாள். இரண்டு தட்டு வாங்கி, ஒன்றை, கான்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்யும் ராமாமணி பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு தட்டுங்களா?"

"நான் கேக்கலீங்க சார். ராமாமணிக்கு டோக்கன் இல்லீன்னு அந்த மிஷினுக்கே தெரிஞ்சுபோச்சுங்க."

கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாப்பாடு கிடையாது என்ற உத்தரவில் சீனிவாசலுவின் கையெழுத்தும் இருந்தது.

திரும்பி வந்து ஃபைலைத் திறந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரையும், கடைசியில் சேர்க்காமல், வள்ளியாத்தாளுக்கு மேலேதான் செருகியிருந்தாள் ஆஃப்ரின்.

உத்தரவை மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேசியிருக்கலாம். பேசாமல் இருந்தது அதிகாரம் இல்லாததாலா, தைரியம் இல்லாததாலா? கிடைத்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை.

கூப்பிட்டதும் ஆஃப்ரின் கைப்பையோடுதான் வந்தாள். சசிதர் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினான்.

கையெழுத்துப் போட்ட தாளை அவளிடம் நீட்டிவிட்டு, சீனிவாசலு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, வாட்ச்மேன் நிஜாமும் கான்ட்ராக்ட்தான், ஃபைல்ல முதல் பேர்க்காரரோட கூட்டாளி. முதல் வரியும் ரெண்டு தடவை வர்ற மாதிரி ஒரு தப்புப் பண்ணத் தெரியுமா?"