நிமிர்ந்த வம்சம்

“இது எந்தப் பக்கத்து வியாதின்னு மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை. சிறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கைதிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘கொடிக்கம்பம்’. அது காதுக்கு வந்தபோது அவர் கோபப்படவில்லை. விருது வாங்கியதுபோல எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரே மகன். இருபத்து நாலு வயதில் அறுபது வயதுக்காரன் மாதிரி முதுகு கூனியிருந்தான். காலையில் படுக்கையை விட்டு எழுவதே அவனுக்குப் பெரும்பாடு.

“நம்ம உடம்புக்குக் காவல் இருக்கிற படை, கிருமியை விட்டுட்டு இவரோட முதுகெலும்பைப் போட்டு அடிக்குது சார்,” என்றார் டாக்டர். “அதை அடக்கி வைக்கிற பிடி தளர்ந்துடுச்சு. ஒரு மரபணு இருக்கிறவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். அது அம்மாகிட்டயிருந்தும் வரலாம், அப்பாகிட்டயிருந்தும் வரலாம்.”

“அப்பாகிட்டயிருந்தா?” கைதியின் மனுவைப் படித்ததுபோலச் சிரித்தார். “காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிறான்னா அது ஒழுங்கில்லாத ரத்தம். எங்க வம்சத்துல அந்தப் பேச்சுக்கே இடமில்ல. இவ அண்ணனைப் பாருங்க, எந்நேரமும் சுவத்துல சாஞ்சுதான் உக்காருவான். அந்த ரத்தம்!”

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவன் சாயங்காலம் சாயாமல் என்ன செய்வான்? மகனுக்குச் சளி பிடித்தால் அவள் வீட்டு மூக்கு. கணக்கில் கோட்டை விட்டால் அவள் வீட்டு மூளை. ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியபோது மட்டும் அவர் வீட்டுக் கால்! கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு.

“நேத்தே முடிவு பண்ணிட்டேன்,” என்றார் அவர். “கூன் முதுகு என் கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. எங்கேருந்து வந்துச்சோ அங்கயே போகட்டும். சாயங்காலமே இவன் மாமன் வீட்டுல கொண்டு விட்டுடப் போறேன்.”

“அப்பா, நிஜமாவே வலிக்குதுப்பா...”

“வலியாம் வலி! நானும் எங்கப்பாவும் விடியற வரைக்கும் படுத்ததே இல்லடா. எழுந்து நாலு நடை நடந்தா உடம்பு தானா வழிக்கு வரும்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “நீங்களா முழிச்சுக்கறீங்களா சார், இல்ல படுக்க முடியாம எழுந்துடறீங்களா?”

“சோம்பேறிக்குத்தான்மா படுக்கை! எங்க தாத்தா, அப்பா, நான்... யார் முன்னாடியும் இந்தக் கழுத்து வளைஞ்சதில்ல. மந்திரி வந்தப்பவே வளையல.”

டாக்டர் எழுந்து போய் அவருக்கு இடப்பக்கம் நின்று கூப்பிட்டார். பீரோவை நகர்த்தியதுபோல, காலோடு சேர்ந்து முழு ஆளும் திரும்பினார்.

“ஒரே ஒரு தடவை தாடையை நெஞ்சுல வைங்க சார்.”

“நான் யாருக்கும் தலை குனி...”

“எனக்காக இல்ல. உங்க சட்டைப் பொத்தானைப் பாருங்க, போதும்.”

அவர் முயன்றார். கண் மட்டும் கீழே போனது. மறுபடி முயன்றார். முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை துளிர்த்ததுதான் மிச்சம்.

“எக்ஸ்ரே எடுத்து உறுதி பண்ணிக்கலாம் சார்,” டாக்டரின் குரல் தாழ்ந்தது. “பையனுக்கு இப்பதான் ஆரம்பம், மருந்துல நிறுத்திடலாம். உங்களுக்கு எலும்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே போயிருக்கும். உங்க அப்பாவுக்கும், தாத்தாவுக்கும்கூட அப்படித்தான் இருந்திருக்கணும்.”

மனைவி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

“என்னங்க, எங்க அண்ணன் வீட்டுல ஒரு கட்டில் போடச் சொல்லட்டுமா, ரெண்டா?”