எறும்புகளுக்காக

யானைகள் தண்ணீருக்குப் போகும் வழியில் எறும்புப் புற்றுகள் மிதிபட்டுக்கொண்டே இருந்தன. எறும்புகளுக்காக யானைத் தலைவியிடம் பேச முயல் முன்வந்தது. போன வருஷம் குரங்குகளுக்காகப் பேசி ஒரு மாமரத்தையே வாங்கிக் கொடுத்திருந்த மான், முயலுக்குப் பயிற்சி கொடுத்தது. இரண்டும் தினமும் அந்த வழியிலேயே நின்று பேசிப் பழகின.

"'முட்டைகள்'னு சொல்லும்போது குரல் லேசா உடையணும். உடனே அடுத்ததுக்குப் போயிடாதே, கொஞ்சம் நிறுத்து," என்றது மான்.

"சரிக்கா," என்றது முயல்.

யானைத் தலைவி வந்த அன்று முயல் அப்படியே பேசியது. சரியான இடத்தில் குரல் உடைந்தது. யானைக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, நாங்க இனிமே எந்தப் பக்கமா நடக்கணும்? சொல்லு," என்றது யானை.

முயல் மான் பக்கம் திரும்பி, "எறும்புங்க உங்ககிட்ட என்னக்கா கேட்டாங்க?" என்றது.

மானின் முகம் சுண்டிப்போனது. அது எறும்புகளிடம் பேசியதே இல்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அதை நாங்க சொல்லிக்கிறோம். முதல்ல நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க. தினமும் எங்க வாசல் மேலயே நிக்கிறீங்க. முட்டையெல்லாம் உள்ளே மாட்டிக்கிச்சு."

மான் ஒரு காலைத் தூக்கியது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், யானைக்கு முன்னால் மூன்று காலில் நின்றது.