இன்னும் ஒரு நூல் சூடு

"சூடு பத்தலைலா தம்பி. இப்படியே இருந்தா மிஷினை நீயே திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிரு."

ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்த பாக்கியசாமி இப்படிச் சொன்னதும் பிரவின் பதறி எழுந்தான். கணக்குப் போட்டுப் பிட்காயின் ஈட்டும் தன் பழைய மிஷினை முந்தாநாள்தான் டத்தோ கிராமாட்டில் இருக்கும் இவரிடம் தள்ளிவிட்டிருந்தான். பாயான் லெப்பாஸில் விமானம் இறங்குகிற மாதிரி அது ஓயாமல் இரைந்ததில், அவன் மனைவி சிந்தியா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அது மறுபடி வாசப்படி ஏறினா, நான் ஜுருவுல அம்மா வீட்டுக்குப் போயிருவேன்." பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது.

"அண்ணே, சூடு கொறையணும்னுதான் எல்லாரும் கெஞ்சுவாங்க! வோல்டேஜையும், சிப் ஓடுற கிளாக் ஸ்பீடையும் இறக்கி வச்சிருக்கேன். கரண்ட் ரொம்ப மிச்சம். காயின் கொஞ்சம்தான் கொறையும்."

"காயின் கெடக்கட்டும். சூடு?"

பிரவின் பல்லைக் கடித்தபடி லாப்டாப்பைத் திறந்தான். தொழிற்சாலையில் சிப்புகளைச் சோதிப்பதுதான் அவன் வேலை. சூடு போதவில்லை என்று புகார் செய்த சிப்பையும் அவன் கண்டதில்லை, மனிதனையும் கண்டதில்லை.

கிளாக் ஸ்பீடை ஏற்றினான். அந்த வேகத்துக்கு ஈடாக வோல்டேஜையும் ஏற்றினான். மிஷின் உறுமியது. அதன் வெப்பக்காற்று, சுவரைத் துளைத்துப் போன தகரக் குழாய் வழியாக ஸ்டோர் ரூமுக்குள் பாய்ந்தது. பினாங்கு வெயிலில், வெப்பக்காற்றை வீட்டுக்குள்ளேயே விட்டுக்கொள்கிற மனிதரை என்ன சொல்வது?

பாக்கியசாமி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தார்.

"இப்ப ஓவர்லா. கண் இமையில வச்சுப் பாத்தேன், சுரீர்ங்குது."

"இமையிலயா? அண்ணே, டிகிரிதான் இங்க ஸ்கிரீன்லயே தெரியுதே!"

"உன் ஸ்கிரீனுக்கு இமை இருக்கா?"

பிரவின் ஒரு நூல் இறக்கினான். "ஆறிப் போச்சு." ஒரு நூல் ஏற்றினான். "காத்து முரடா வருது." விசிறியை மெதுவாக்கினான். எரிச்சலில் வோல்டேஜை ஒரேயடியாக இறக்கியதில் மிஷின் நின்றே போயிற்று. பிரசவ அறையில் விளக்கணைந்தது போல பாக்கியசாமி அலறினார்.

"ஐயோ, நிக்கவே கூடாதுடா! நின்னா எல்லாம் போச்சு!"

"பிட்காயின் எங்கேயும் ஓடிறாதுண்ணே!"

அவசரமாக மறுபடி ஓட்டிவிட்டான். கைப்பேசியில் சிந்தியாவின் செய்தி வந்தது: 'மிஷின் வருதா? நான் கெளம்பவா?'

"அன்னம்மா தாயே, காப்பாத்து" என்று முனகியபடி பிரவின் கடைசியாக ஒரு நூல் ஏற்றினான்.

உள்ளே போன பாக்கியசாமி வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் பல்.

"இதான்! இனி இதைத் தொடாத."

"அப்ப திருப்பிக் கொடுக்க மாட்டீங்கதானே? சத்தியமா?"

"உள்ள வந்து பாரு. சத்தம் போடாத."

குழாயின் வாயருகே, வைக்கோல்மேல் வரிசை வரிசையாகக் கம்பத்து நாட்டுக்கோழி முட்டைகள். அவற்றில் ஒன்று விரிசல்விட்டு, 'கீச்' என்றது. பாக்கியசாமி இன்னொன்றை எடுத்துக் கண் இமையில் ஒற்றிப் பார்த்தார்.

"அடை காத்துக்கிட்டிருந்த கோழிய உடும்பு தூக்கிட்டுப் போயிருச்சு தம்பி. இனி உன் மிஷின்தான் இதுங்களுக்கு அம்மா. அம்மாவ யாராச்சும் திருப்பிக் கொடுப்பாங்களா?"