வெளியூர்ச் சரக்கு

"அஞ்சாயிரம் தர்றேன். அந்தக் கேள்வியை எனக்குக் குடுத்துடுங்க, சபாபதிண்ணா."

கல்யாண மண்டபத்து வாசலிலேயே ஜெபகுமார் விலை பேசினான். சபாபதி காதில் வாங்காமல் தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி, ஸ்வெட்டர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வெளியே பங்குனி வெயில் காஞ்சிபுரத்தை வறுத்துக்கொண்டிருந்தது.

கார் கம்பெனியின் பெரிய அதிகாரி வாடிக்கையாளர்களைச் சந்திக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஊரின் கார் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நாற்பது பேர், நாற்பது பேரிடமும் கேள்வி. நேரமில்லை, ஒருத்தர் மட்டும் கேட்கலாம் என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். சபாபதி பெயர் வந்தது.

"ஸ்டெப்னியை ஏன்டா எடுத்தீங்கன்னு கேக்கணும்ணா" என்றான் அதே குழுவைச் சேர்ந்த ஜெபகுமார். "டயருக்குப் பதிலா ஒரு பசை டப்பா குடுத்துக்கீறான். வாலாஜாபாத் தாண்டி பஞ்சர். டப்பாவைக் கையில வெச்சுக்கினு நிக்கறேன், போறவன் ஒருத்தன் அதுல ரெண்டு ரூபா போட்டுட்டுப் போறான்."

"எனக்குக் குடுண்ணா, ஆறாயிரம்" என்று தினகரன் நுழைந்தான். "டாஷ்போர்டை எதுக்கு அவ்ளோ சரிவா வெச்சாங்க? பிரேக் போட்டா பிள்ளையார் மடியில வந்து உக்கார்றார்."

பட்டுக்கடை வைத்திருக்கும் சபாபதிக்கு, விலை படியாத பொருள் உலகத்தில் கிடையாது என்பது பால்குடி வயசிலிருந்தே தெரியும். இருந்தும் அவர் அசையவில்லை. காரணம், அவர் காரின் ஏசி.

அந்தக் காரில் திருகுகிற குமிழ் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் தொடுதிரைதான். வாரண்டி முடிந்த பதினோராம் நாள் திரை இருண்டது. ஏசி பதினாறு டிகிரியிலேயே சிக்கிக்கொண்டது. அதை அணைக்க வேண்டுமென்றால் வண்டியையே அணைக்க வேண்டும். புதுத் திரை எழுபத்திரண்டாயிரம் என்றார்கள். அன்று முதல் ஊரே விசிறிக்கொண்டிருக்க, சபாபதி குல்லா மாட்டிக்கொண்டு கார் ஓட்டினார். அவர் மனைவி இளவரசி ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிட்டாள்.

திரையை ஓசியில் வாங்காமல் விடுவதில்லை என்று மைக்கைப் பிடித்தார்.

மேடையில் அந்த அதிகாரி, சுகாசினி மேடம், எழுந்து நின்றார். ஊருக்கு மரியாதையாகக் காஞ்சிப் பட்டு கட்டி வந்திருந்தார். சபாபதி தன் கதையைச் சொல்லி முடிக்கவும் மண்டபம் குலுங்கியது. மேடமும் சிரித்தார்.

"கஷ்டந்தான் சார். ஆனா அந்தத் திரையை நாங்க செய்யறதில்லை. வெளியூர்ச் சரக்கு. செஞ்சு தர்ற கம்பெனியைத்தான் நீங்க கேக்கணும்."

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாதே, மேடம்."

"எங்களுக்கும் அவ்வளவாத் தெரியாது சார்."

சபாபதி சளைக்கவில்லை. பேரத்தில் முதல் மறுப்பு என்பது வணக்கம் சொல்வது மாதிரி.

"மேடம், நீங்க கட்டிக்கினு இருக்கறது எங்க ஊர்ப் புடவை. பட்டு ஒரு எடத்துல வாங்கறோம், ஜரிகை ஒரு எடத்துல வாங்கறோம், சாயம் ஒருத்தர் போடறார், நெய்யறது இன்னொருத்தர். ஆனா அதுல ஒரு குறைன்னு வந்தா, எவன் வித்தானோ அவன் பதில் சொல்லுவான். அவனைக் கேளு, இவனைக் கேளுன்னு கைகாட்ட மாட்டான். அதாம்மா காஞ்சிபுரம்."

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஜெபகுமார் விசிலே அடித்தான். திரை கிடைத்த மாதிரிதான் என்று சபாபதிக்குத் தோன்றியது.

மேடம் மட்டும் நிதானமாக முந்தானையை எடுத்து விரித்தார். ஜரிகை முழுக்க ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்திருந்தது.

"ரெண்டே தடவைதான் கட்டினேன் சார். அறுபத்தெட்டாயிரம். வீடியோ கால்ல காட்டினாங்க, பணம் அனுப்பினேன், கூரியர்ல வந்தது. கறுத்துப்போச்சேன்னு போன் பண்ணினா, ஜரிகை வெளியூர்ச் சரக்கு, போட்டுத் தந்தவனைக் கேளுங்கன்னாங்க."

சபாபதிக்கு ரத்தம் கொதித்தது. ஊர் மானம் போகிற விஷயம். அதோடு, இதைத் தீர்த்துவைத்தால் திரை மட்டுமில்லை, மூன்று வருஷ சர்வீஸும் சேர்ந்து வரும்.

"எந்தக் கடை மேடம்? பேரைச் சொல்லுங்க. புதுப் புடவை எடுத்துக்கினு அவனை இந்த மேடைக்கே வரவெக்கறேன்."

"இத்தனை பேர் முன்னாடி பேர் வேண்டாமே, பாவம்" என்று மேடம் கீழே இறங்கி வந்தார். "பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாங்க. நீங்களே பாருங்க."

சபாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எந்தக் கடைண்ணா?" ஜெபகுமார் பின்னாலிருந்து கத்தினான். "சொல்லுண்ணா, போய்க் கேட்டுடலாம்."

"தெரியலபா" என்றார் சபாபதி மைக்கில். "வெளியூர்க் கடை போலக்கீது."

பில்லில் எழுதியிருந்தது: விலை அறுபத்தெட்டாயிரம், வரவு அறுபத்தெட்டாயிரம், பாக்கி இல்லை; அதன் கீழே, இரண்டு புள்ளி வைத்த கோட்டோடு, சபாபதியின் சொந்தக் கையெழுத்து.