பூங்காவுக்கு வந்த சுடலை

குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார் காவலாளி ஆவுடையப்பன். கையில் தடி இருந்தது. மனசுதான் ஒரு இடத்தில் இல்லை. இன்றைக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்று, கார் நிறுத்துமிடத்துக்கு அளவெடுக்க வந்த இன்ஜினியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

தூத்துக்குடியின் அந்தப் பெரிய பூங்கா முழுக்க நவீன சிற்பங்கள். எதுவும் எவருக்கும் புரிந்ததில்லை, ஒன்றைத் தவிர. ஜான்ஹவி என்ற சிற்பி 'மௌனம்' என்று பெயர் வைத்துச் செய்த வெள்ளைத் தூண், கீழே அகன்று மேலே ஒடுங்கி, அசல் சுடலைமாடன் சாமி பீடமாகவே நின்றது.

ஒரு வாரமாக யாரோ அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, துளசி மாலை சாத்துகிறார்கள். சுடலைக்குப் போய்த் துளசி போடுகிற விவரங்கெட்டவன் யாரோ. பார்த்தவர்களெல்லாம் வாக்கிங்கை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆழ்வார்திருநகரிக்காரியான ஜான்ஹவி நேற்று வந்து, தூணுக்கு முன்னால் கற்பூரம் எரிவதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றாள். ஆவுடையப்பனுக்குப் பாவமாகிவிட்டது.

"கவலப்படாதிய தாயி. சுண்டல் விக்கிற முத்துச்செல்வம் பய வேலைதான் இது. இப்பக் கற்பூரம்லா விக்கான். நாளைக்குக் கையும் களவுமாப் பிடிச்சிருதேன்."

"பிடிச்சு என்ன பண்ணுவீங்க, அண்ணாச்சி?"

"இன்ஜினியர் கையில ஒப்படைச்சிருவேன்."

அவள் தூணை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. இடிந்த சுற்றுச்சுவர் வழியாக முக்காடு போட்ட ஓர் உருவம் உள்ளே இறங்கி, விறுவிறுவென்று நடந்துபோய்த் தூணில் சந்தனத்தை அப்பியது. ஆவுடையப்பன் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"ஏலே முத்து, மாட்டுனியால!"

முக்காடு விலகியது. ஜான்ஹவி.

பிடித்த கையை விடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"நீங்க செஞ்சத நீங்களே ஏன் தாயி பாழாக்குதிய? என் பொழப்புலா போவுது."

"கார் நிறுத்த இடம் வேணும்னு இன்னைக்கு இதை இடிக்க வர்றாங்க, அண்ணாச்சி." அவள் மறுகையால் மீதிச் சந்தனத்தையும் தூணில் அப்பினாள். "சாமின்னா இடிக்க மாட்டாங்கல்ல?"